கேட்கும் காது, மணிக்கு ஒன்பதாயிரம்

செவ்வாயின் புதுத்தொண்டிக் குடியேற்றத்தில், முழுதாகக் கேட்கும் மனிதக் காதுக்கு வாடகை மணிக்கு ஒன்பதாயிரம். நடுவில் கொட்டாவி விட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி.

பத்து வருடமாக எல்லார் காதிலும் சுருக்கி என்றொரு கருவி. எதிராளி அரைமணி பேசினாலும் அதை ஒரே வரியாக்கி உள்ளே ஓதிவிடும். முன்னோர் குரல்செய்தியை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்டவர்கள், வம்சம் தப்புமா?

காவல்துறை விசாரணை அறையில் மட்டும் யாருடைய சுருக்கியும் இயங்காது. ஒருமுறை வாக்குமூலத்தைச் சுருக்கியதில் ஓர் ‘இல்லை’ உதிர்ந்து, நிரபராதி ஒருவன் ஆறு வருடம் உள்ளே இருந்தான். அன்றிலிருந்து சட்டம்: சந்தேக நபர் பேசி முடிக்கும்வரை அதிகாரி குறுக்கிடாமல் கேட்க வேண்டும். இலவசமாக.

கிடங்கில் ஒரு பிராணவாயு உருளை காணவில்லை. குழாய்ப் பணியாளர் தில்லைநாயகம் தானாக வந்து, “நான்தான் எடுத்தேன்” என்றார்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் ஆய்வாளர் மரகதவல்லி.

நாற்பது நிமிடமாகியும் பேச்சில் உருளை வரவில்லை. வியாழன் நிலவுக்கு வேலைக்குப் போன மகள்தான் வந்தாள்.

“போகாதேன்னு சொல்ல வாய் வரல மேடம். மூணு வருஷமா இதைச் சம்சாரம்கிட்ட சொல்றேன். அவ காதுல ‘மகள் நினைவு’ன்னு மட்டும் விழும்போல. ‘ஆமா’ன்னுட்டுப் போயிடறா.”

அவர் பேசி நிறுத்தியதும் மரகதவல்லி கேட்டார்: “உருளையோட மூடி என்ன நிறம்?”

“சிவப்பு...?”

அந்த உருளைக்கு மூடியே கிடையாது. திருடனைக் கண்டுகொள்ளவென்று காவல்துறை வெளியே விடாமல் வைத்திருந்த சேதி அது.

“நீங்க எடுக்கல. வீட்டுக்குப் போங்க ஐயா.”

“இன்னும் ஒரு கால்மணி மேடம். வேணும்னா ரெண்டு உருளைன்னு போட்டுக்குங்க.”

கதவைத் திறந்தால் வெளியே அவர் மனைவி கோமளம். “உருளைய நான்தான் எடுத்தேன். ‘போயிட்டு வா’ன்னு பொண்ணுகிட்ட சொன்னது என் நாக்குதான் மேடம், நான் இல்ல...” மூடி பச்சை என்றார்.

ஒரே குற்றத்தை இருவர் ஒப்புக்கொண்டால் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்பது விசாரணை வழக்கம். மரகதவல்லி அந்த விதியை ஆசையாகப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களும் இங்கதானா” என்றார் கோமளம். பத்து வருடம் கழித்து அந்தக் குரலின் கரகரப்பு காதில் விழ, தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கியது.

பிறகு இருவரும் நாற்காலியை ஆய்வாளர் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்: “நீங்க கேளுங்க மேடம்...”

மாலையில் மரகதவல்லி அறிக்கை எழுதினார். காணாமற்போன உருளை ஒன்று. ஒப்புக்கொண்டவர் இருவர். அவர்களில் திருடியவர் எவருமில்லை. பேசியவர் இருவர். கேட்டவர் ஒருவர், அவரும் சம்பளத்துக்கு.