பதினேழாவது பெயர்ப்பலகை

செவ்வாய்க்கிழமை காலை நானும் தம்பி வெஸ்ஸும் கடப்பாரை, மண்வெட்டியோடு பென்ஹாலூரிக் தெருவுக்குப் போனோம். பழைய பெயர்க்கம்பத்தைப் பிடுங்க வேண்டும். அரை நாள் வேலை.

ஃபார்ட்டிநைனர் ரிட்ஜ் குடியிருப்போர் சங்கத்தில் நாங்கள் பராமரிப்புக் கூலிகள். அந்தக் காலத்தில் தங்கம் தேடி கலிஃபோர்னியா மலையேறி வந்த கூட்டத்தின் பெயர்தான் சங்கத்துக்கு. இங்கே பதினேழு தெருக்கள். வீடுகளைக் கட்டியவன், அடியிலிருக்கும் பழைய தங்கச் சுரங்கத்தின் வாசல் பலகையில் செதுக்கியிருந்த பதினேழு பெயர்களையும் அழகாக இருக்கிறதென்று தெருக்களுக்கு வைத்துவிட்டான். வெள்ளம் புகுந்து செத்தவர்களின் பெயர்கள் அவை. உடல்களை யாரும் மேலே எடுக்கவில்லை.

பென்ஹாலூரிக் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று புதிதாக வந்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். சங்கம் கை தூக்கி ஓட்டுப் போட்டது. தங்கக்கட்டித் தெரு என்று மாற்றச் சொன்னது.

வெஸ் கம்பத்தை உருவினான். மண்ணுக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஈர மரத்தின் நாற்றம்.

பிறகு தரை உள்வாங்கியது.

முப்பதடி ஆழத்திலிருந்து தீயணைப்புக்காரர்கள் அவனைத் தூக்கினார்கள். உடம்பில் பெரிய காயமில்லை. கண் மட்டும் எங்கோ நிலைகுத்தியிருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, கீழ பதினாறு பேர் உக்காந்திருக்காங்க. ஒருத்தன் எந்திரிச்சுப் போயிட்டானாம். எடத்தக் காட்டி, உக்காருன்னாங்க."

அதோடு நினைவு போனது. இரண்டு வாரமாக சாக்ரமெண்டோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பிழைப்பான் என்றுதான் டாக்டர் சொல்கிறார். என் மனைவி டோரீன் பக்கத்திலேயே இருக்கிறாள்.

இன்று நண்பகல் சங்கத் தலைவி மார்னி என்னைக் கூப்பிட்டாள். நல்ல பெண்தான். பள்ளத்தை மூடியாகிவிட்டது, தங்கக்கட்டி வேண்டாமென்று எல்லோரும் ஒரே மனதாக முடிவு செய்துவிட்டார்கள் என்றாள்.

"தெருவுக்கு வெஸ் பேரையே வச்சிட்டோம், லைல். காலைல கம்பமும் நட்டாச்சு."

"அவன் இன்னும் சாகல, மார்னி."

"செத்தாத்தான் பேர் வைக்கணுமா? ஒரு மரியாதைதானேப்பா."

நான் ஓடினேன்.

நல்ல வெயில். யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: வெஸ் கார்மடி தெரு. சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. கடப்பாரையால் நாலு போடு போட்டதும் பிளந்துகொண்டது. இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

ஓரங்குலம் வந்தது.

இரண்டங்குலம் கீழே போனது.

முப்பது வருஷமாகக் கம்பம் பிடுங்குகிறேன். வேர் பிடித்தால் எப்படி இருக்கும், கல் பிடித்தால் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும். இது மாற்றி மாற்றி இழுத்தது. ஆட்கள் இழுப்பது போல.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. டோரீனாகத்தான் இருக்கும். கையை எடுத்தால் கம்பம் உள்ளே போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

நின்றது.

கீழேயும் பிடி விட்டது, கேட்டது கிடைத்துவிட்டது போல.

கம்பம் துரும்பு போலக் கையோடு வந்துவிட்டது. அதன் அடிமுனை முழுக்க விரல் தடங்கள், சேறு சொட்டச் சொட்ட.