கதவைக் கழற்றிய வீடு

பம்பாயின் சீத்தா கேம்ப்பில் தளவாய் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பிற்பகல்தான். ஆனால் மழை வானத்தை மூடிக்கொண்டு கிடந்தது. கடைக்காரர்கள் அதற்குள் பல்பு போட்டிருந்தார்கள். கருவாட்டு வாடையும் சாக்கடை வாடையும் நனைந்த சாக்கு வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தன. அவன் தோளில் எலெக்ட்ரீஷியன் பை தொங்கியது. பார்த்தவர்கள் யார் வீட்டிலோ ஃபேன் ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க வைப்பதுதான் அவன் பிழைப்பு.

தளவாய் பகல் திருடன். செம்பூர், மாட்டுங்கா பக்கம் ஆபீசுக்குப் போனவர்களின் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் டப்பாவைத் திறந்து மத்தியானச் சோறு சாப்பிடுவதற்குள் வேலையை முடித்துவிட்டு வருவான். அவன் கை பட்டால் பூட்டு நாய்க்குட்டி மாதிரி படுத்துவிடும் என்று தாராவியில் ஒரு பேச்சு உண்டு. கத்தி எடுத்ததில்லை, ஒருத்தரையும் தொட்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. திருட்டுப்பயலுக்கு என்ன கர்வம் என்று நீங்கள் கேட்கலாம்.

இன்றைக்குப் பையில் கத்தி இருந்தது.

அது மாரிக்கண்ணனுக்கு. இரண்டு கொலைக் கேஸிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன் அவன். அவன் பேரைச் சொன்னால் கோவண்டி வரைக்கும் ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அப்படிப்பட்டவனைத் தொழிலில் கூட்டுச் சேர்த்தது தளவாய்தான். ஊர்க்காரப் பயல், பக்கத்து ஊர், பலசாலி என்று சேர்த்துக்கொண்டான். ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

தளவாய்க்கு ஒரே மகள், விஜயராணி. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டாமல் திறக்கிறவன், தன் வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிட்டுத்தான் நிற்பான். உள்ளேயிருந்து "கோன்?" என்பாள், யார் என்று. பம்பாயில் பிறந்த பிள்ளை, தூக்கத்தில் எழுப்பினாலும் இந்திதான் முதலில் வரும். இவன் "கள்ளன்" என்பான். சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை எடுப்பாள்.

வேறு யார் தட்டினாலும் திறக்க மாட்டாள். அதனால் ஒருமுறை மாரிக்கண்ணன் சாமான் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தபோது, கள்ளன் என்று சொல், திறப்பாள் என்று தளவாயே சொல்லிக்கொடுத்தான்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். தளவாயும் மனைவி பேராச்சியும் நெருளில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அரிசி டிரம்மில் ஒளித்துவைத்திருந்த செம்பூர் வீட்டு நகைகளைக் காணோம். விஜயராணி தரையில் கிடந்தாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. மூச்சு முட்டிப் போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார், எல்லாரும் நம்பினார்கள். தளவாய் நம்பவில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடித் துண்டு வைத்துத் தைத்த அவளுடைய மஞ்சள் துப்பட்டாவைக் காணவில்லை. யாரோ தட்டி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். அது ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

போலீசுக்குப் போனால் நகை ஏது என்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு மகளை எரித்துவிட்டு வந்தான்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை அவர்கள் பக்கத்தில் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். ஒரு பெட்டியில் புதுத்துணி, வளையல், குங்குமம் எல்லாம் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வீட்டில் அவள் கன்னித் தெய்வமாக இருந்துவிடுவாள். பேராச்சி அந்தப் பெட்டிக்காகக் காலில் விழாத குறையாகக் கேட்டாள். தளவாய் அசையவில்லை. மாரிக்கண்ணன் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் பெட்டி என்றான். பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறாளே என்று அழுது பார்த்துவிட்டு, பேராச்சி நெருளில் தம்பி வீட்டோடு போய்விட்டாள்.

ஊர் ஊராக ஓடி ஒளிந்த மாரிக்கண்ணன் சீத்தா கேம்ப்பில் கடைசிச் சந்தில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறான், பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான் என்று போன வாரம்தான் தகவல் வந்தது.

சந்து முடியும் இடத்தில் வீடு இருந்தது. அதற்குப் பின்னால் சதுப்பும் செடிகளும்தான். தளவாய் பூட்டைப் பார்க்கக் குனிந்தான். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் பைக்குள் போனது.

பூட்டு இல்லை.

கதவே இல்லை.

நிலையில் ஒரு பழைய சேலை தொங்கியது. கீல் இருந்த இடத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் தெரிந்தன. தளவாய்க்குக் கதவுகளைக் கண்டு பயமே கிடையாது. இந்தச் சேலையைப் பார்த்துத்தான் முதுகு சில்லிட்டது. விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே இருட்டு. ஊதுபத்தியும் வாடிய பூவும் கலந்த வாடை. கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஜன்னலுக்குக் கதவில்லை, மழைத் தண்ணீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. பீரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அதற்கும் கதவில்லை. குளியலறைக்கு வெறும் நிலைதான்.

மூலையில் பாயின்மேல் மாரிக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். எருமை மாதிரி இருந்தவன் எலும்பும் தோலுமாகியிருந்தான். கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி" என்றான். அவன் குரலில் பயமில்லை. ரொம்ப நேரம் காத்திருந்த பஸ் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தளவாய் கத்தியை எடுத்தான். ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி. "கதவெல்லாம் எங்கல?"

"கழத்திப் போட்டுட்டேன். எந்தக் கதவைச் சாத்தினாலும் அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு கேக்கா."

"யாரு?"

"நான் சொல்லணுமா அண்ணாச்சி."

மழை ஒரு கணம் நின்று மறுபடி பிடித்தது. மாரிக்கண்ணன் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனான். அன்றைக்கு அவள் கத்தாமல் இருக்க வேண்டும் என்றுதான் துப்பட்டாவை வாயில் வைத்து அமுக்கினானாம். சாக வேண்டுமென்று நினைக்கவில்லையாம். அன்றைக்கு ராத்திரியே குளியலறைக்குள்ளிருந்து கேட்டாளாம். பிறகு பீரோவுக்குள்ளிருந்து. எந்த ஊருக்குப் போனாலும், எந்த லாட்ஜில் தங்கினாலும்.

"இப்பதான் கதவே இல்லையே" என்றான் தளவாய்.

"கண்ணைச் சாத்துனா கேக்கா அண்ணாச்சி."

தளவாய்க்குக் கையில் கத்தி இருப்பது மறந்துபோயிற்று. மூலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூடி திறந்து கிடந்தது. முன்னால் குங்குமமும் காய்ந்த செவ்வந்தியும் ஒரு தட்டில் கேசரியும் இருந்தன. கிட்டே போய்ப் பார்த்தான். புதுப் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல். எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தது அந்த மஞ்சள் துப்பட்டா.

கொன்றவனே பெட்டி வைத்துக் கும்பிடுவதும் அவர்கள் பக்கத்தில் இல்லாத வழக்கமில்லை. பயம்தான் காரணம். ஆனால் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். இரண்டு வருஷமாக ராத்திரி ராத்திரி தளவாய் கதவோரம் காதை வைத்துக் கிடந்தான். கனவில்கூட அவள் வரவில்லை. பெற்றவன் பழி பழி என்று பெட்டி வைக்காமல் இருந்தான். கொன்றவன் வைத்தான். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

தளவாய்க்கு அழுகை வந்தது. அவன் அழுததை மாரிக்கண்ணன் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு என்னைக் கொன்னுடுங்க" என்றான். "இல்ல, அவளைக் கூட்டிட்டுப் போங்க. நான் தூங்கணும்."

அப்போதுதான் தளவாய்க்கு உறைத்தது. கொன்றால் இவனுக்கு விடுதலை. பெட்டியை எடுத்துப்போனாலும் விடுதலை. ஒன்றும் செய்யாமல் போய்விட்டால் போதும், கண்ணை மூட முடியாமல் இவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவான். தெய்வம் நின்று கொல்லும் என்பது இதுதான். இதைவிட நல்ல பழி எந்தக் கத்தியிலும் கிடையாது. அவன் மனசு குளிர்ந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கத்தியைப் பைக்குள் போட்டான். புறப்படும் முன் துப்பட்டாவை ஒருதடவை தடவிப் பார்த்தான். நனைந்துவிடக் கூடாதே என்று, யோசிக்காமல், பெட்டியை மூடினான்.

மாரிக்கண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

பெட்டிக்குள் ஏதோ இழுத்தது. காற்று மாதிரி. சின்ன விசில் மாதிரி.

அது மூச்சு. வீசிங் வந்தால் அவள் இழுக்கும் மூச்சு.

"கோன்?"

அவள் குரல்தான். தளவாய் எத்தனையோ நாள் வாசலில் நின்று கேட்ட குரல். ஆனால் அதில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. பழிவாங்க வந்த பேயின் குரல் அப்படி இருக்காது. தனியாக வீட்டில் இருக்கும் பெண், கதவுக்கு வெளியே நிற்பது அப்பனா இல்லையா என்று தெரியாமல் கேட்கும் குரல் அது. இரண்டு வருஷமாக அவள் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாள்.

"பதில் சொல்லுங்க அண்ணாச்சி" என்று மாரிக்கண்ணன் முனகினான். "சொல்லுத வரைக்கும் விடமாட்டா."

"நீ என்னல சொல்லுவ?"

"கள்ளன்னுதான். அதுதான எனக்குத் தெரியும்."

தளவாய் பையைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். கனத்தது. துணிக்கும் வளையலுக்கும் உள்ள கனமில்லை அது. அவள் பாலர்வாடியிலிருந்து தூங்கிக்கொண்டே தோளில் வந்த நாட்களின் கனம். பழி இங்கேயே இருக்கட்டும், பிள்ளை வீட்டுக்கு வரட்டும்.

நிலையைத் தாண்டும்போது பின்னால் மாரிக்கண்ணன் கேட்டான். "அப்ப நான் அண்ணாச்சி?"

"நீ தூங்குல" என்றான் தளவாய். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு நெஞ்சு கிழிந்தது.

சந்து முனையில்தான் பையை அங்கேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

மான்குர்தில் ரயில் ஏறினான். ஹார்பர் லைனில் சாயங்கால நெரிசல், மூச்சு விட இடமில்லை. ஆனால் தளவாய்க்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஒரு பெண்மணி உட்காரப் போய், மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டாள். அவன் பெட்டியை மடியில் வைத்து, மூடியை ஒரு விரல் அளவுக்குத் திறந்தே பிடித்திருந்தான்.

தாராவியில் அவன் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது விளக்கு போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு சஃப்ரீன் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், வீட்டில் ஆள் வந்திருக்கிறதா சாச்சா, உள்ளே சத்தம் கேட்டதே என்றாள். தளவாய் வாசலைப் பார்த்தான். காலையில் அவன் பூட்டிய பூட்டு, திறந்து படியில் கிடந்தது. கதவைத் தள்ளினான். திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கையில் கம்பியில்லை, திருப்புளியில்லை. இருந்த நாளிலும் இந்தக் கதவில் அவன் அவற்றை வைத்ததில்லை.

தட்டினான்.

"கோன்?"

"கள்ளன்" என்றான் தளவாய். பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

அந்த மூச்சு, வேகமாக, கதவிலிருந்து விலகி உள்ளே போயிற்று. மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்கிற மாதிரி.

அந்த வார்த்தைக்கு அவள் ஒருதரம் கதவைத் திறந்திருக்கிறாள். இனிமேல் திறக்க மாட்டாள்.

தளவாய் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். எத்தனை வருஷம், ஒருநாளும் இந்த வாசலில் நின்று அவன் வேறு வார்த்தை சொன்னதில்லை.

"அப்பாதாம்மா" என்றான். "அப்பா வந்திருக்கேன்."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகியது. அவன் கையிலிருந்த பெட்டி கனமிழந்து, காலிப் பெட்டியாக இருந்தது.