பொங்கலன்று கொடுத்த சான்றிதழ்

"என் புருஷன் குடிச்சிட்டுத் தூங்கினாராம்! அதனாலதான் பொய்லர் வெடிச்சிச்சாம். தோட்டத்துக்காரங்க அப்படி எழுதி வச்சிருக்காங்க, பாவிங்க!"

ஹட்டனில் சட்டத்தரணி ரிஸ்லாவின் அலுவலகத்துக்குள் வந்ததும் வராததுமாக வீரம்மா கத்தினாள். றொசல்லப் பக்கத்துத் தேயிலை ஆலையில், கொழுந்தைக் காயவைக்கும் நீராவிப் பொய்லரைப் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன் பொன்னையா. போன மாதம் அது வெடித்ததில் செத்துப்போனான். செத்தவன் மேலேயே பழி!

"குடியா? பொங்கலன்னைக்குக்கூட வேலைக்குப் போயிட்டு அந்திக்குத்தான் வந்தாரு. பொங்கச்சோறு ஆறிப்போயிருந்துச்சு. இதச் செஞ்சவன விடக்கூடாதுங்கய்யா!"

ஐயா என்றது, ரிஸ்லாவின் பக்கத்தில் இருந்த செல்லசாமியை. முன்பு அரசாங்கப் பொய்லர் பரிசோதகர். அந்த வேலை தனியாருக்குப் போன பிறகு, தோட்டக் கம்பனியே தனக்குப் பிடித்த ஆளைக் கூப்பிட்டு, பொய்லர் பாதுகாப்பானது என்று சான்றிதழ் வாங்கிக்கொள்கிறது. நல்ல நியாயம்!

செல்லசாமி சான்றிதழை நிதானமாகப் படித்தார். பரிசோதனைக் கம்பனியின் பொறியியலாளர் பிரதாப், தைப்பொங்கலன்று பகல் முழுவதும் பொய்லருக்குள் தவழ்ந்து பார்த்ததாகக் கையெழுத்திட்டிருந்தான்.

"பொங்கலுக்குத் தோட்டமே லீவுதானே ஸேர்? பொய்லர் சும்மா கெடந்திருக்கும். இதுல பிழை ஒண்ணும் தெரியலையே," என்றாள் ரிஸ்லா.

"அவனும் அப்படித்தாம்மா நெனச்சிருக்கான்."

மூன்றாம் நாள் ஆலையில் விசாரணை. பொலிஸ் அதிகாரியின் முன்னால் செல்லசாமி பிரதாப்பிடம் கேட்டார்: "பொங்கலன்னைக்கு உள்ள போனீங்களா தம்பி?"

"போனேன். ஆலை மூடியிருந்திச்சு, பொய்லரும் ஆறியிருந்திச்சு," என்றான் பிரதாப்.

"லீவு கொழுந்து பறிக்கிறவங்களுக்குத்தான். மொத நாள் பறிச்ச கொழுந்து ராத்திரி முழுக்க வாடி, மறுநாள்தான் தேயிலையாகும். லீவுன்னு போட்டு வச்சா கெட்டுப்போயிரும். அன்னைக்கு விடியக்காலையில இருந்து அந்திவரைக்கும் பொய்லர் எரிஞ்சிருக்கு. இந்தா ஆலைப் பதிவுப் புத்தகம், பொன்னையா கையெழுத்து. எரியிற பொய்லருக்குள்ள எப்படித் தம்பி தவழ்ந்தீங்க?"

பிரதாப் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். "நான் வரவே இல்ல... தோட்டத்துல அவசரப்படுத்தினாங்க..."

"நீங்க வந்திருந்தா, துருப்பிடிச்சு இறுகிப்போன பாதுகாப்பு வால்வு கண்ணுல பட்டிருக்கும். நீராவி கூடினப்ப அது தொறந்து வெளிய விட்டிருக்கணும், தொறக்காமதான் பொய்லர் வெடிச்சிச்சு."

பிரதாப் வீரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினான். "மன்னிச்சிருங்கம்மா."

"மன்னிப்பா?" வீரம்மா கத்தினாள். கிழிந்து கிடந்த பொய்லரைக் கைநீட்டிக் காட்டினாள். "இப்ப ஆறித்தான் கெடக்கு. போ உள்ள! என் புருஷன வேகவச்சுக் கொன்ன பொய்லரப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடு!"

பொலிஸ் அதிகாரி தடுக்கவில்லை. பிரதாப் முழங்காலிட்டுத் தவழத் தொடங்கினான்.