பலகையில் பதிந்த கால்

1920 டிசம்பர், ரங்கூன் கல்லூரி மாணவர் விடுதி. காலை 6.40.

நாளை மறுநாள் ஸ்டிரைக். அதற்குக் கையெழுத்திட்ட நாற்பது மாணவர்களின் பெயர்ப் பட்டியலைக் காணவில்லை. பர்மிய மாணவர் தலைவன் கோ பா தோ, அதைத் தன் மாடி அறையில் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். இப்போதே அது வார்டன் கைக்குப் போனால் நாற்பது பேர் படிப்பும் காலி.

கதவிலிருந்து கட்டில்வரை தேக்குப் பலகையில் கிணற்றடிச் சேறு. வெறுங்கால் தடங்கள்.

"சேத்துக்காலோட திரியறவன் யாரு? தண்ணிக்காரச் சொக்கன்தான். வார்டன்கிட்ட வித்திருப்பான்," என்றான் சுப்பிரமணியம். ரயில்வே குமாஸ்தாவின் மகன். அவன் வராந்தாவில் நடந்தால் பூட்ஸ் சத்தம் சமையல்கட்டுவரை கேட்கும்.

நாலு பேர் சொக்கனைப் பிடித்து வைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. சத்தம் கேட்டு, விடுதிச் சமையற்காரன் தண்டபாணி அலுப்போடு மாடி ஏறினான்.

"எப்படா மேல வந்தே?"

"வரவேயில்லண்ணே. தொட்டியே இன்னும் ரொம்பல."

தண்டபாணி குனிந்து தடத்தை வெகுநேரம் பார்த்தான்.

"கோ பா தோ, காலை நனைச்சு இதும் பக்கத்துல வையுங்க."

"என்னையா சந்தேகம்?"

"வையுங்க."

கோ பா தோவின் தடத்தில், செருப்பு வார் ஓடுமிடத்தில் பெருவிரல் தனியே விலகிப் பதிந்தது. அடுத்து சொக்கன் கால். ஐந்து விரலும் ஐந்து பக்கம்.

"க்யிம்யிண்டைங் படகுத்துறையில பன்னெண்டு வருஷம் அரிசி மூட்டை சுமந்தேன். மூட்டை முதுகுல ஏறினா தலை நிமிராது. முன்னால போறவன் காலைப் பார்த்துத்தான் நடக்கணும். எந்தக் கால் எப்படின்னு எனக்குத் தெரியும். இந்தச் சேத்துத் தடத்துல விரலெல்லாம் ஒட்டி, முனை கூம்பிக் கெடக்கு. சின்ன வயசுலேர்ந்து பூட்ஸுத் தோலுக்குள்ள அடைச்ச காலு." அவன் திரும்பினான். "பூட்ஸைக் கழட்டுங்க தம்பி."

"ஒரு கூலிக்காரன் பேச்சைக் கேட்டு..."

கோ பா தோவே குனிந்து நாடாவை அவிழ்த்தான். உள்ளே மடித்த தாள். ஒரே ஒரு பெயர் மட்டும் மையால் அடிக்கப்பட்டிருந்தது. விரலிடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

"விக்கறதுக்கு இல்ல," சுப்பிரமணியத்தின் குரல் உடைந்தது. "என் பேர் வெளிய வந்தா அப்பா வேலை போயிடும்."

"அதுக்குப் பூட்ஸ் சத்தம் கேக்காம சேத்துக்காலோட வந்துட்டு, பழி போட இவன் தலையா கெடைச்சுது? வெறுங்கால்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைச்சிட்டீங்க."

கோ பா தோ சொக்கனின் தோளைத் தொட்டான். "தப்பு எங்களோடது."

சொக்கன் உதட்டைத் துடைத்துக்கொண்டு தண்டபாணியைப் பார்த்தான். "நாளன்னிக்கு இவங்கள்லாம் போயிட்டா, நான் யாருக்குண்ணே தண்ணி எடுக்கறது?"



"இன்னிக்கும் நாளைக்கும் இருக்காங்கள்ல," என்றான் தண்டபாணி. "தொட்டியை ரொப்பு."