ஏழாம் கட்டத்தின் பதிவுகள்

காலை ஏழரை மணிக்கு வெல்டர் பழைய பம்பு அறைக்கு வந்து சேர்ந்தபோது, கணக்கெடுப்புக்காரர்கள் முன்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் கல்யாணத்துக்குப் போகிற களை. இந்தக் கூட்டத்தை அவருக்கு என்றுமே பிடித்ததில்லை. வருடத்துக்கு இரண்டு முறை வந்து, கல்குவாரிக் குளத்தைச் சுற்றியுள்ள இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வார்கள். செடி, பூச்சி, தவளை என்று கண்ணில் பட்டதையெல்லாம் போனில் படம் பிடித்து ஏற்றுவார்கள். என்ன, எத்தனை, என்ன செய்கிறது என்று எழுதுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளமில்லாமல் வெயிலில் நிற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது வெல்டரின் கட்சி.

அவருடைய ஒரே மகளும் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், இதே போல ஒரு கணக்கெடுப்பு நாளில், ஏழாம் கட்டத்துக்குப் போனவள் திரும்பவில்லை. பையும் போனும் மட்டும் குளக்கரையில் கிடந்தன.

"வாங்கய்யா," என்றாள் நூலகக்காரி. கட்டங்களைப் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். "போலீஸ்ல போனைத் திருப்பிக் குடுத்துட்டாங்களாமே?"

"குடுத்தாங்க. உள்ள இருக்கற படம் எல்லாம் உனக்குத்தான். ஆனா போனை என் கையை விட்டுத் தரமாட்டேன்." வெல்டர் சுற்றிலும் பார்த்தார். "ஏழாம் கட்டத்துக்கு இன்னிக்கு யார் போறது?"

அந்தக் கட்டம் இத்தனை மாதமாக வெறுமையாகவே இருந்தது.

"அப்ப நான் போறேன்."

"தனியா விடமாட்டோம் பெரியவரே," என்றான் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன். விடுமுறை நாளில் தும்பி தேடுகிறவன். "ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும்னு சட்டம். நான் வரேன். படியில தொங்காம உள்ள ஏறுங்க. போலாம், ரைட்!"

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சட்டம் அவருக்கும் தெரியும். அன்றைக்கு மகள் துணைக்குக் கூப்பிட்டது அவரைத்தான். 'புல்லைப் பாக்கறதுக்குப் பாராக்காரன் வேறயா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டவர் அவர்.

அதோடு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தேடுதலின் மூன்றாம் நாள் மாலை, குளத்தில் முங்கி முங்கிக் களைத்தவர்கள் கரையேறியபோது இன்ஸ்பெக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, வீட்டை விட்டு ஓடிப்போயிருப்பாளா என்று கேட்டார். வெல்டர் யோசிக்கவே இல்லை. "ஓடிப்போறவ போனை விட்டுட்டுத்தான் சார் போவா. அப்பத்தானே கண்டுபிடிக்க முடியாது? போதும், உங்க ஆளுங்களை அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வெல்டரின் மனைவி அவரோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள். வார்த்தை மட்டும் கிடையாது.

ஏழாம் கட்டம் குளத்தின் பின்பக்கம் இருந்தது. ஆளுயரத்துக்கு நாணல். ஈரக் கல்லும் அழுகிய இலையும் கலந்த வாடை. மற்ற கட்டங்களில் பறவைகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. இங்கே நுழைந்ததும் யாரோ கதவைச் சாத்தியது போல் எல்லாம் அடங்கிப்போயிற்று.

"ஒரு செடியைப் படம் எடுங்க பாப்போம்," என்றான் கண்டக்டர். "பக்கத்துல அளவுக்கு ஏதாவது வைக்கணும். காசு, பேனா, எதுன்னாலும் சரி. அப்பத்தான் செடி எவ்வளவு பெருசுன்னு பாக்கறவங்களுக்குப் புரியும்."

வெல்டர் எதையும் வைக்கவில்லை. நீலப் பூ பூத்த ஒரு கொடிக்கு முன்னால் குந்தி, இரண்டு கையாலும் மகளின் போனை இறுக்கிப் பிடித்து அழுத்தினார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா! சொல்றதுக்கு முன்னாடியே விரலை வச்சு எடுத்திருக்கீங்களே."

வெல்டர் பார்த்தார்.

பூவுக்கு இடப்பக்கம் ஒரு சுண்டுவிரல் இருந்தது. நுனி உள்பக்கமாக வளைந்த விரல். நகக்கண்ணில் சேறு.

அந்த வளைவு அவர் போட்டது. மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, பட்டறைக் கதவைப் பார்க்காமல் அறைந்து சாத்தினார். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை.

அவர் பத்தடி இடப்பக்கம் நடந்து, ஒரு கல்லைப் படம் எடுத்தார்.

விரல் இருந்தது. கல்லுக்கு இடப்பக்கம்.

இன்னும் பத்தடி. இந்த முறை வெறும் தரையை எடுத்தார். செடியும் இல்லை, பூச்சியும் இல்லை. மண்ணின் மேல் அந்த விரல் மட்டும் நீண்டு, நாணல் அடர்ந்த பக்கத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது.

"பெரியவரே," கண்டக்டரின் குரல் தேய்ந்துவிட்டது. "உங்க ரெண்டு கையும் போன்லதானே இருந்துச்சு?"

"வாயை மூடிக்கிட்டு வா."

நாணலை விலக்கியதும் துரு வாடை மூக்கில் ஏறியது. அது அவருக்கு ஆயுசு முழுக்கப் பழகிய வாடை. கொடி மூடிக்கிடந்த ஒரு இரும்புத் தகடு. பழைய பம்புக்குத் தண்ணீர் எடுத்த குழியின் மூடி. ஓரத்துக் கீல்கள் அறுந்து, அடியில் ஓடிய குறுக்குக் கம்பியின் மேல் தராசுத் தட்டு போல நின்றது. கால் வைத்தால் உள்ளே சாயும். ஆளை விழுங்கிவிட்டுப் பழையபடி மூடிக்கொள்ளும்; உள்ளே கத்தினாலும் மேலே எட்டாது. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

இருவரும் சேர்ந்து தகட்டைப் புரட்டினார்கள். கண்டக்டர் உள்ளே வெளிச்சம் அடித்தான். அடித்தவன் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

"போ. போலீஸைக் கூட்டிட்டு வா," என்றார் வெல்டர்.

அவன் போனதும் அவர் இறங்கினார். சுவரில் பதித்த கம்பிப் படிகள் பாதியில் தீர்ந்துபோயின. கடைசிக் கம்பியில் தொங்கிக் குதித்தார். முழங்கால் இரண்டும் அலறின. கணுக்கால் அளவு தண்ணீர். சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தது எலும்பும் துணியும்தான் என்றாலும், அவருக்கு அது அவள்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து வேறு பக்கம் பார்த்தது.

"வந்துட்டேம்மா," என்றார். "அப்பா வந்துட்டேன்."

அப்போதுதான் சுவரைப் பார்த்தார். பாசியில் கூரான கல்லால் கீறிய எழுத்துகள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். போன் வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

*நாள் 1. மனிதர், ஒன்று, பெண். கத்துகிறது.*

*நாள் 2. தவளை, இரண்டு. நீந்துகின்றன.*

*நாள் 3. மேலே மனிதர், பல. தேடுகின்றன.*

அடுத்த வரிக்கு வெளிச்சத்தை நகர்த்தக் கை வரவில்லை. நகர்த்தினார்.

*நாள் 4. மேலே ஒன்றும் இல்லை.*

*நாள் 5. மேலே ஒன்றும் இல்லை.*

*நாள் 6. தவளை, ஒன்று. என் கைமேல் உட்கார்ந்திருக்கிறது.*

*நாள் 7. மனிதர், ஒன்று, பெண். காத்திருக்கிறது.*

அதற்குக் கீழே வெறும் பாசி.

எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. மேலே தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடிவரும் சத்தம். அவர்களோடு நூலகக்காரியின் குரல்: "மெதுவாம்மா, மெதுவா வாங்க, பள்ளம் இருக்கு." அந்த 'அம்மா' தன் மனைவிதான் என்பது வெல்டருக்கு விளங்கியது.

மூன்றாம் நாளோடு முடிந்திருந்தால், அவர் சொன்ன ஒரு வார்த்தையால் யாரும் சாகவில்லை. நாலாம் நாள் இருந்தால், அவர்தான் கொன்றார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அவள் படிக்கக்கூடாது.

கீழே கிடந்த கல்லை எடுத்தார். நாலாம் வரியில் வைத்துத் தேய்த்தார். பாசி உரிந்து கையோடு வந்தது. ஐந்து. ஆறு. ஏழாம் வரியைத் தேய்க்கும்போது அழுகை முட்டியது, அழுதுகொண்டே தேய்த்தார். "மன்னிச்சிடும்மா. உங்கம்மாவுக்காகத்தான். அவ தாங்கமாட்டா."

பின்னால் தண்ணீர் மெல்லச் சலசலத்தது.

அவர் திரும்பவில்லை.

கயிறு கட்டி அவரை மேலே தூக்கினார்கள். அதே இன்ஸ்பெக்டர். மனைவி குழியோரத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். வெல்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு நாள்தான் இருந்திருக்கா. எழுதி வச்சிருக்கா. நம்ம ஆளுங்க தேடிட்டு இருக்கும்போதே போயிட்டா."

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவள் கை அவர் தோளுக்கு வந்தது. அந்தக் கையின் கனத்தில் அவருக்கு மூச்சே நின்றுவிடும் போல் இருந்தது.

கீழே இறங்கியிருந்த இன்ஸ்பெக்டரின் டார்ச் வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது. "ஆமாம்மா, எழுதியிருக்கு," என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சத்தமாப் படிங்க சார்," என்றாள் அவள்.

அவர் படித்தார். நாள் ஒன்று. நாள் இரண்டு. நாள் மூன்று.

"அப்புறம் கொஞ்ச இடம் உரிஞ்சு கிடக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குக் கீழ இன்னொரு வரி. இப்பத்தான் கீறின மாதிரி இருக்கு, பொடிகூட உதிரலை. நாள்... நானூத்தி இருபத்தேழு."

"படிங்க."

இன்ஸ்பெக்டர் டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"மனிதர், ஒன்று, ஆண், முதியது. அழிக்கிறது."