விழுங்காத மிடறு

லோர்னா விழுங்கவில்லை. ஆனாலும் மிடறு இறங்கும் சத்தம் கேட்டது.

கையிலிருந்த தேநீர் இன்னும் உதட்டைத் தொடவே இல்லை. விறகு அடுப்பில் கட்டைகள் வெடித்துக்கொண்டிருக்க, காயப்போட்ட ஈரக் கம்பளியின் வாடை கூடமெல்லாம் நிறைந்திருக்க, வெளியே ஹுவான் பள்ளத்தாக்கின் ஆப்பிள் மரங்களைச் சாயங்காலத்திலேயே இருட்டு மூடிக்கொண்டிருக்க, இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் எலும்புவரை குளிர்ந்துபோய் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஏதோ மெல்ல மேலேறி இறங்கியது.

"டரில், இங்க கைய வெச்சுப் பாரேன்."

கணவன் டிவி கால்பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? தைராய்டு நார்மல், ஸ்கேன் நார்மல்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் குளிருதுன்னா அடுப்புக்குள்ளயே போய் உக்காரு, மகராசி."

நார்மலாம்! தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டுகிறது. குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கரகரக்கிறது. பாத்திரம் கழுவும்போதே நின்றபடி கண் செருகுகிறது. இதெல்லாம் யாருக்கு நார்மல்? காகிதத்துக்கு நோய் இல்லை, அவ்வளவுதான். பாவிகளா, நோய் எனக்கு என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அவள் பக்கமும் தப்பு உண்டு. மரம் மேலே விழுந்து கிடந்தாலும், "எப்படி இருக்கே?" என்று கேட்டால், "குறையொண்ணுமில்ல" என்பதுதான் இந்த ஊர்க்காரர்கள் வாயில் வரும். டாக்டரிடமும் ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் சொல்லித் தொலைத்தாள். அவரும் மற்றதைக் காதில் வாங்கவில்லை.

இன்று விடக் கூடாது. ஹோபார்ட்டிலிருந்து பெரிய டாக்டர் போனில் கூப்பிடுகிறார். மாதக்கணக்காய்க் காத்திருந்து கிடைத்த ஒரே வாய்ப்பு. இவரும் கைவிட்டால் வேறு நாதியில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

போன் அடித்தது.

"லோர்னாதானே? எப்படி இருக்கீங்க?"

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உள்ளே இருந்தது மேலேறி வந்து அடைத்துக்கொண்டது.

"குறையொண்ணுமில்ல, டாக்டர்."

அவளுடைய குரல்தான். கரகரப்பே இல்லாத பழைய குரல். ஆனால் உதடு அசையவில்லை.

"அசதி, குளிரெல்லாம்?"

"அதெல்லாம் போயே போச்சு. சும்மா உங்களத் தொல்ல பண்ணிட்டேன்."

இல்லை. இல்லை, டாக்டர். கழுத்தைப் பிடித்து நெரித்தாள். விரலுக்கடியில் வழுக்கியது. நழுவியது.

"சந்தோஷம். அப்போ ஃபைலை மூடிடலாமா?"

"தாராளமா மூடிடுங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

டரில் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. "அடடா, என் பழைய லோர்னா வந்துட்டாளே! இத்தன நாளா எங்கடி போயிருந்த?"

அவள் அவனை நோக்கிக் கையை நீட்டினாள். டிவியில் யாரோ கோல் அடித்தார்கள். அவன் பார்வை அங்கே போய்விட்டது.

இருண்ட ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம். வாய் இறுக மூடியிருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். கழுத்தின் நடுவே தோல் மட்டும் மேலும் கீழும் துடித்தது.

"இங்கதான் இருந்தேன், கண்ணு," என்று அது கொஞ்சியது. "ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?"