ஒன்பதாவது ஒயர்

திரையில் எட்டு எண்கள் இருக்க வேண்டும். ஒன்பது இருந்தன.

காரின் ஹௌகன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சுவருக்கு அப்பால், ஆள் நடந்து போகும் அளவுள்ள குளிர் அறைக்குள், பனிவண்டிக்கான கியர்பாக்ஸ் ஒன்று காலையிலிருந்து மைனஸ் நாற்பதில் உறைந்துகொண்டிருந்தது. சூட்டை அளக்கும் ஒயர்களை அதன்மேல் எட்டு இடங்களில் ஒட்டியவள் அவளேதான். எட்டும் மைனஸ் நாற்பதை ஒட்டியே காட்டின. அவற்றுக்குக் கீழே, காலியாக இருக்க வேண்டிய ஒன்பதாவது கட்டத்தில், 36.8 என்று இருந்தது.

பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. மினசோட்டாவின் வடகோடியில் ஜனவரிப் புயல் தகரச் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கூரையில் எங்கோ தளர்ந்த தகடு ஒன்று அடித்து அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்க, கம்ப்ரசரின் உறுமல் தரை வழியாக ஏறி அவள் முழங்கால்வரை அதிர்ந்தது. எந்திர எண்ணெயும் ஈரக் கம்பளியும் கருகிய காப்பியும் கலந்த வாசனை தொண்டையில் தங்கிவிட்டது. மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோதனையைப் பாதியில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் அவளும், அந்தக் கியர்பாக்ஸைக் கோத்த டுவைன் லெம்கேயும் மட்டும் தங்கியிருந்தார்கள்.

"டுவைன், ஒன்பதுல ஏதாவது மாட்டினியா?"

"நான் ஒரு ஆணி அடிக்கறதுக்கே உன்கிட்ட கையெழுத்து வாங்கணும், இன்ஜினியரம்மா. தொடக்கூட இல்ல." அவன் சாண்ட்விச்சை மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தான். "கோளாறா இருக்கும். பிடுங்கிப் போடு."

ஒயர்கள் வந்து சேரும் அளவீட்டுப் பெட்டியின் பின்பக்கம் ஒன்பதாவது துளையில் உண்மையிலேயே ஓர் ஒயர் செருகியிருந்தது. பிடுங்கினாள். எண் மறைந்தது. செருகினாள். 36.8. மனித உடம்பின் சூடு. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். டுவைன் சாண்ட்விச்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அறைக்கதவின் கைப்பிடியை இழுத்தான்.

வெண்புகை காலடியில் கொட்டியது. மூக்குமயிர் உறைந்து குத்தியது. உள்ளே யாரும் இல்லை. மேடையில் கியர்பாக்ஸ் மட்டும், சிறிய குளிர்பதனப் பெட்டி அளவுக்கு, வெள்ளையாகப் பூத்து நின்றது. ஒன்பதாவது ஒயர் அதன் மூடியில் இருந்த ஒரு துளைக்குள் போயிற்று.

காரின் குனிந்தாள். பென்சில் பருமனில் துளை. டிரில் எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்தப் பக்கம்தான் உலோகப் பிசிறு நிற்கும். இந்தப் பிசிறு வெளிப்பக்கம் நின்றது, உள்ளிருந்து துளைத்தது போல. அவள் கையுறையை அது பிடித்து இழுத்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். ஏ, பி, சி என்று திருத்தி வந்ததில் இப்போது நடப்பில் இருப்பது டி. அந்த மூடியில் துளையே கிடையாது.

"நீ எத வச்சு கோத்த?"

"டி. நீ கையெழுத்து போட்ட அதே டி."

"பழைய பிரதி ஏதாவது பெஞ்சுல கிடந்துச்சா?"

டுவைன் முகம் மாறியது. "ஒரு தடவ பழைய டிராயிங்ல கோத்துட்டேன். அத சாகறவரைக்கும் கேப்பீங்களா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவளுக்கும் பதற்றம். "அப்ப அந்தத் துளை எப்படி வந்துச்சு?"

"உள்ள முழுக்கப் பல்சக்கரம் காரின். ஒரு பூனைக்குட்டி உக்காரக்கூட இடமில்ல. திறந்து காட்டறேன், நீயே பாரு. வீட்டுல என் பொண்டாட்டி லோயிஸ் ராச்சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ அடுப்புல வச்சுட்டுக் காத்திருப்பா, அது தீஞ்சா உன் பொறுப்பு."

உறைந்த போல்ட்டைத் திருப்பினால் உடையும். அறையை மெல்லச் சூடேற்றினார்கள். எட்டு எண்களும் படியேறி வந்தன. மைனஸ் முப்பது. மைனஸ் பத்து. பூஜ்யம். ஒன்பதாவது அசையவில்லை. கியர்பாக்ஸிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கிளம்பியது. உலோகம் விரிகிறது. மூடி அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் ஒரே அளவில் விரியாது, உரசும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இருபது பாகைக்கு வந்ததும் டுவைன் கதவு சாத்திக்கொள்ளாதபடி அடியில் ஆப்பு வைத்துவிட்டு ஸ்பானரோடு உள்ளே போனான். போல்ட்டுகள் தட்டில் விழும் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது.

ஒன்பதாவது எண்ணின் வரைகோட்டைக் காரின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். நேர்கோடு இல்லை அது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறியது. தூங்குகிறவரின் மார்பு போல. அவள் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தாள்.

கோடும் நின்றது.

மூச்சை விட்டாள். கோடு இறங்கியது.

"டுவைன், வெளிய வா."

தட்டில் இன்னொரு போல்ட்.

"டுவைன், வந்துடு. நான் சொன்னது தப்பு. விட்டுடு அத."

"கடைசி ஒண்ணுதான். மூடியத் தூக்கிட்டு வந்தர்றேன்."

உலோகம் உலோகத்தின்மேல் வழுக்கும் ஓசை. பிறகு ஒன்றும் இல்லை. புயல்கூட இல்லை. கூரைத் தகடு அடிக்கவில்லை.

திரையில் பத்தாவது கட்டம் ஒளிர்ந்தது.

37.4. அதன் கோடு குத்துக்குத்தாய், வேகமாக, ஏறி இறங்கியது. மூச்சு வாங்குகிற மாதிரி.

அவள் ஓடினாள். கதவு திறந்தேதான் இருந்தது. ஆப்பு அசையவில்லை. உள்ளே டுவைன் இல்லை. வேறு வழியும் இல்லை அந்த அறைக்கு. போல்ட் தட்டு காலி. மூடி தன் இடத்தில் இருந்தது. எல்லாப் போல்ட்டும் இறுகியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பனி, இருபது பாகைச் சூட்டில், விரற்கடை தடிமனுக்கு. தரையில் ஸ்பானர். எடுத்தாள். பிடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மூடியில் இரண்டு துளைகள். இரண்டு ஒயர்கள்.

"டுவைன்."

ஸ்பானரைப் போல்ட்டில் மாட்டி மொத்தப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். அசையவில்லை. வேறொன்று. அதுவும் இல்லை. கைத்தோல் உரிந்தது. மூடியில் காதை வைத்தாள். குளிர் கன்னத்தைச் சுட்டது.

உள்ளே மூச்சு. நிதானமாக ஒன்று. அதன் மிக அருகில், இரைத்து இரைத்து, இன்னொன்று.

பிறகு ஒரு சுரண்டல். அவள் கன்னத்துக்கு நேர் கீழே.

விலகினாள். இரண்டு ஒயர்களுக்கும் நடுவே பனி வட்டமாக உருகியது. நாணயம் அளவுக்கு. அலுமினியம் லேசாகப் புடைத்தது. நடுவில் ஒரு புள்ளி திறந்தது.

அதிலிருந்து, டிரில் சீவித் தள்ளுவது போல, மெல்லிய உலோகச் சுருள் ஒன்று, பளபளவென்று, சுழன்று சுழன்று நீண்டு வந்து, அறுந்து, அவள் காலணி நுனியில் விழுந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது வந்தது.